புதுக் கூலர் மாட்டியும் சூடு குறையவில்லையா?

உறவினர் வீட்டுத் திருமணக் காணொளியைத் தொகுத்து முடித்து, கடைசியாகக் கோப்பை வெளியே எடுக்கும் கட்டத்துக்கு வருகிறீர்கள். கணினியின் விசிறி இரைய ஆரம்பிக்கிறது. புராசசரின் வெப்பநிலை 95 டிகிரி செல்சியஸ் என்று திரை காட்டுகிறது. பயந்துபோய் நண்பர்களிடம் கேட்கிறீர்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்திலோ நாலு கடை ஏறி இறங்கி, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய கூலர் ஒன்றை வாங்கி வருகிறீர்கள். ஒரு மாலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து அதை மாட்டுகிறீர்கள். மறுபடி அதே வேலையைக் கொடுத்துப் பார்க்கிறீர்கள். திரையில் 93. சிலருக்கு அதே 95.

இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ‘கடையில் ஏமாற்றிவிட்டார்கள்’ என்பது ஒன்று. ‘காற்றுக் கூலர் போதாது, நீர்க் கூலர்தான் வேண்டும்’ என்று இன்னும் சில நூறு ரிங்கிட்டை எடுத்துவைப்பது மற்றொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். கூலரில் எந்தக் குறையும் இல்லாமலேயே இந்த ஏமாற்றம் நேரலாம். ஏன் என்று புரிந்துகொள்ள, பள்ளியில் படித்த கூட்டலும் பெருக்கலும் போதும். புரிந்துவிட்டால், அடுத்த செலவுக்கு முன் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சூடு கடக்கும் பாதை

புராசசருக்குள் செல்லும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. 100 வாட் உள்ளே போனால் 100 வாட் வெப்பம் வெளியேறியாக வேண்டும். இந்த வெப்பம் பிறக்கும் இடமோ மிகச் சிறியது. ஏஎம்டி நிறுவனம் 2022 செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரைசன் 7000 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு கோர்கள் அடங்கிய சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். சட்டைப் பையில் கிடக்கும் 10 சென் நாணயத்தின் பரப்பில் கால் பங்கு.

இதைச் சமையலறை மின் அடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள 1,800 வாட் அடுப்புத் தட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.07 வாட் வெப்பம் வருகிறது. அந்தச் சிறு சில்லில் 100 வாட் வெளிப்பட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.4 வாட் ஆகிறது. அடுப்பைக் காட்டிலும் 20 மடங்கு நெருக்கமான வெப்பம்.

இந்த வெப்பம் அறைக் காற்றைச் சென்றடையப் பல படிகளைக் கடக்க வேண்டும். முதலில் சிலிக்கான் சில்லு. அடுத்து, சில்லையும் அதன் உலோக மூடியையும் ஒட்டிவைக்கும் பற்றாசு. பிறகு அந்த மூடி. மூடிக்கு மேல் நாம் தடவும் தெர்மல் பேஸ்ட். அதன் மேல் கூலரின் அடித்தட்டு, வெப்பக் குழாய்கள், அலுமினியத் தகடுகள். கடைசியில் விசிறி தள்ளும் காற்று. ஒவ்வொரு படியிலும் வெப்பத்துக்கு ஒரு தடை உண்டு. ஒரு வாட் வெப்பம் அந்தப் படியைக் கடக்க எத்தனை டிகிரி வேறுபாடு தேவைப்படுகிறதோ, அதுவே அந்தப் படியின் ‘வெப்பத்தடை’.

ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டு, ஜோகூர் பாருவில் குடிநுழைவுச் சோதனை, பிறகு கடற்பாலம், அதன்பின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, கடைசியில் விரைவுச்சாலை. மொத்தப் பயண நேரம் இவை எல்லாவற்றின் கூட்டல். விரைவுச்சாலையை மட்டும் இரண்டு மடங்கு அகலமாக்கினால் அந்தப் பகுதியில் மிச்சமாகும் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். சோதனைச்சாவடியில் நிற்கும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும். கூலரை மாற்றுவது அந்தக் கடைசிச் சாலையை அகலமாக்குவது போன்றது.

கூலர் உண்மையில் செய்வது என்ன?

கடைசிச் சாலை என்பதால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். காற்று, வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் சோம்பேறி. செம்பு கடத்தும் அளவில் சுமார் 15,000-இல் ஒரு பங்குதான் அசையாத காற்று கடத்தும். அதனால் வெப்பத்தைப் பெரிய பரப்பில் விரித்து, காற்றையும் இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தே தாரிக் கலக்குபவர் ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குக் கையை உயர்த்தித் தேநீரை இழுத்து ஊற்றும்போதும் இதுதான் நடக்கிறது. நீண்டு விழும் தேநீர் அதிகப் பரப்பில் காற்றைத் தொடுகிறது; சீக்கிரம் ஆறுகிறது.

வெப்பத்தை அடித்தட்டிலிருந்து தகடுகளுக்குக் கொண்டுபோவது வெப்பக் குழாய்களின் வேலை. பார்ப்பதற்கு வெறும் செம்புக் கம்பிபோல் இருக்கும் இக்குழாய்களுக்குள், காற்று நீக்கப்பட்ட வெற்றிடத்தில் சில துளி நீர் இருக்கிறது. அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரைத் திரும்பச் சூடான முனைக்கு இழுத்துவருகிறது. இந்தக் கருத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் காக்லர் 1942-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் அதைத் தனியாக உருவாக்கிச் செயல்படுத்திக் காட்டினார். விண்கலங்களுக்காக வளர்ந்த தொழில்நுட்பம் இன்று நம் மேசைக்கடியில் இருக்கிறது.

ஆக, பெரிய கூலரில் குழாய்கள் அதிகம், தகடுகள் அதிகம், காற்றும் அதிகம். அது நல்ல கூலர்தான். ஆனால் அதனால் குறைக்க முடிவது தன் தடையை மட்டுமே.

ஒரு சிறு கணக்கு

சில எண்களை வைத்துக்கொண்டு பார்ப்போம். இவை கணக்குப் புரிவதற்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்கள். உங்கள் கணினியில் சற்று மாறும். புராசசருக்குள் சில்லு, பற்றாசு, மூடி மூன்றும் சேர்ந்து வாட்டுக்கு 0.35 டிகிரி தடை. தெர்மல் பேஸ்ட் 0.05. பழைய கூலர் 0.20. மொத்தம் 0.60. அறையின் வெப்பநிலை 30 டிகிரி. கணினிப் பெட்டிக்குள் காற்று தேங்கி இன்னும் 8 டிகிரி ஏறியிருக்கிறது. ஆகவே கூலருக்குள் நுழையும் காற்று 38 டிகிரி.

புராசசர் 95 வாட் வெப்பத்தை வெளியிட்டால் அதன் வெப்பநிலை என்ன? 95-ஐ 0.60-ஆல் பெருக்கினால் 57. அதனுடன் 38-ஐக் கூட்டினால் 95 டிகிரி.

இப்போது புதுக் கூலர் வருகிறது. அதன் தடை 0.13. பழையதைவிட 35 விழுக்காடு மேலானது. விளம்பர அட்டையில் இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால் பாதையின் மொத்தத் தடை 0.60-இலிருந்து 0.53 ஆகத்தான் குறைந்திருக்கிறது. இது 12 விழுக்காடு மட்டுமே. அதே 95 வாட்டுக்கு வெப்பநிலை சுமார் 88 டிகிரி. ஏழு டிகிரி குறைவு. 35 விழுக்காடு மேலான கூலரை வாங்கியவர் எதிர்பார்த்தது நிச்சயம் இதைவிட அதிகம்.

அந்த 0.35 ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? சில்லு சிறியது, வெப்பம் ஒரு சிறு வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறுகிறது. ரைசன் 7000 வரிசையில் மூடியும் தடிமனானது. புதிய சாக்கெட்டுக்கு மாறியபோது, பழைய சாக்கெட்டுக்கு வாங்கிய கூலர்களும் பொருந்த வேண்டும் என்பதற்காக மொத்த உயரத்தைப் பழைய அளவிலேயே வைத்தார்கள். அந்த உயரத்தை எட்ட மூடி தடிக்க வேண்டியதாயிற்று. மேலும், வெப்பம் கக்கும் சில்லு மூடியின் நடுவில் இல்லாமல் ஓரமாக அமைந்திருக்கிறது. இதற்காகவே சில கூலர் நிறுவனங்கள், கூலரைச் சில மில்லிமீட்டர் தள்ளி மாட்டும் பட்டைகளைத் தருகின்றன. அதில் கிடைப்பதும் ஓரிரு டிகிரிதான்.

மிச்சத்தைச் செலவழித்துவிடும் புராசசர்

அந்த ஏழு டிகிரியாவது கண்ணுக்குத் தெரிந்ததா என்றால், பலருக்கு அதுவும் தெரிவதில்லை. இதற்குக் காரணம் இன்றைய புராசசர்களின் குணம்.

பழைய புராசசர் ஒரே வேகத்தில் ஓடும். கூலர் நன்றாக இருந்தால் வெப்பநிலை இறங்கும். இன்றைய புராசசர் தன் வெப்பநிலையையும் மின்னளவையும் நொடிக்குப் பலமுறை கவனித்து, இடம் இருந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ரைசன் 7000 வரிசையின் 7700எக்ஸ் போன்ற புராசசர்களுக்கு 95 டிகிரி என்பது வரம்பு. கடுமையான வேலையின்போது அந்த வரம்பு வரை சென்று அங்கேயே நிற்பது வடிவமைப்பின் ஒரு பகுதி என்று வெளியிடும்போதே நிறுவனம் கூறிவிட்டது. இன்டெல் நிறுவனத்தின் 12, 13-ஆம் தலைமுறை கோர் புராசசர்களில் இந்த வரம்பு 100 டிகிரி. வரம்பைத் தொட்டதும் புராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 95 என்ற எண்ணைப் பார்த்ததும் ‘எரிந்துவிடுமோ’ என்று பயப்பட வேண்டியதில்லை.

நம் கணக்குக்குத் திரும்புவோம். வரம்பு 95, உள்ளே வரும் காற்று 38, இடையில் 57 டிகிரி. பழைய கூலரில் 57-ஐ 0.60-ஆல் வகுத்தால் 95 வாட். புதுக் கூலரில் 57-ஐ 0.53-ஆல் வகுத்தால் 107 வாட். புராசசர் என்ன செய்கிறது? கிடைத்த வசதியில் 12 வாட் கூடுதலாக எடுத்துக்கொண்டு வேகமாக ஓடுகிறது. வெப்பநிலை அன்றும் 95, இன்றும் 95. சம்பளம் கூடியும் மாதக் கடைசியில் கையில் அதே தொகை மிஞ்சும் வீட்டைப் போலத்தான்.

அப்படியானால் வேகம் நன்றாகக் கூடியிருக்க வேண்டுமே? அங்கேயும் ஒரு சிக்கல். புராசசரின் வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் மின்செலவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. 13 விழுக்காடு கூடுதல் மின்சாரத்தில் கிடைக்கும் கூடுதல் வேகம் சுமார் 4 விழுக்காடு. ஒரு மணி நேரம் எடுத்த காணொளி வேலை இரண்டேகால் நிமிடம் முன்னதாக முடியும். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திராதவர் கவனிக்கவே மாட்டார்.

நீர்க் கூலருக்கும் இதே கணக்குதான். அது தன் தடையை 0.10-க்குக் கொண்டுவந்தது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 0.50. புராசசர் 114 வாட் எடுத்துக்கொள்ளும். 107-இலிருந்து 114-க்கு உயர்ந்ததில் கிடைக்கும் வேகம் 2 விழுக்காடு. காற்றுக் கூலரில் ஏமாந்தவர் இன்னும் பல நூறு ரிங்கிட் போட்டு வாங்குவது அந்த 2 விழுக்காட்டைத்தான்.

நம் ஊர் அறையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும்

ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701-லேயே எழுதிவிட்டார். இதன்படி, காற்றுக் கூலர் எவ்வளவு பெரியதானாலும் தனக்குள் நுழையும் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் புராசசரை வைக்க முடியாது. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, புராசசரும் அத்தனை டிகிரி ஏறும்.

நாம் பார்க்கும் கூலர் ஒப்பீட்டுக் காணொளிகள் பல, 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் எடுக்கப்பட்டவை. கிள்ளானிலோ ஈப்போவிலோ பிற்பகலில் குளிர்சாதனம் போடாத அறை 30 டிகிரியைத் தாண்டும். காணொளியில் 75 டிகிரி காட்டிய அதே கூலர், அதே புராசசர், அதே வேலையில் நம் வீட்டில் 83 காட்டினால் இரண்டும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் பொறுப்புள்ள ஒப்பீடுகள் ‘அறை வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரி’ என்று குறிப்பிடுகின்றன. கூலர் வாங்கும் முன் அந்த எண்ணைத் தேடுங்கள். அதனுடன் உங்கள் அறையின் வெப்பநிலையைக் கூட்டிப் பாருங்கள்.

அறையைவிட முக்கியமானது பெட்டிக்குள் இருக்கும் காற்று. விளையாட்டின்போது புராசசரைவிடக் கிராபிக்ஸ் அட்டைதான் அதிக மின்சாரம் எடுக்கும். நடுத்தர வகை அட்டையே 200 வாட் எடுக்கும். அந்த வெப்பம் முழுவதும் பெட்டிக்குள் கொட்டப்படுகிறது. முன்பக்கம் கண்ணாடி மூடிய பெட்டியாக இருந்து, காற்று உள்ளே வர வழியும் குறைவாக இருந்தால், நீங்கள் வாங்கிய பெரிய கூலர் அந்தச் சூடான காற்றையே மறுபடி மறுபடி இழுத்துவிடும். சன்னலை மூடிய அறையில் மேசை விசிறியை அதிக வேகத்தில் வைத்தாலும் வியர்வை நிற்பதில்லையே, அதுபோல.

எப்போது அளந்தீர்கள்?

ஏமாற்றத்துக்கு இன்னொரு பொதுவான காரணம், தவறான நேரத்தில் அளப்பது. மாட்டி முடித்ததும் கணினியைப் போட்டு, ஒன்றும் செய்யாமல் வெப்பநிலையைப் பார்ப்போம். அப்போது புராசசர் 25 வாட் அளவில்தான் எடுத்துக்கொண்டிருக்கும். நம் இரு கூலர்களுக்கும் தடையில் உள்ள வேறுபாடு 0.07. இரண்டையும் பெருக்கினால் 2 டிகிரிகூட வரவில்லை. சும்மா இருக்கும் கணினியில் எந்தக் கூலரும் மற்றதைப்போலத்தான் தெரியும்.

சில நேரம், ஓர் இணையப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் வெப்பநிலை 45-இலிருந்து 60-ஐத் தாண்டித் துள்ளி, உடனே இறங்கும். இதையும் கூலர் தடுக்க முடியாது. ஓரிரு கோர்கள் முழு வேகத்துக்குத் தாவும்போது அந்தச் சிறு புள்ளி கணப்பொழுதில் சூடாகிறது. வெப்பம் கூலரை எட்டிப் பரவுவதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது. இந்தத் துள்ளலைப் பார்த்துக் கூலரைக் குறைசொல்வது நியாயமில்லை. அந்தத் துள்ளலுக்கெல்லாம் விசிறியும் சேர்ந்து இரைந்தால், பயாஸ் அமைப்பில் விசிறி சில நொடி தாமதித்து வேகமெடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

மாட்டியதில் பிழை இருந்தால்

இதுவரை சொன்னது எல்லாம் சரியாக மாட்டப்பட்ட கூலருக்கு. வெப்பநிலை முன்பைவிட ஏறியிருந்தாலோ, சாதாரண வேலையிலேயே வரம்பைத் தொட்டாலோ, மாட்டியதைச் சோதிக்க வேண்டும்.

முதலில், அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலம். அதை உரிக்க மறப்பவர் நிறைய பேர். மெல்லிய பிளாஸ்டிக்தான் என்றாலும் வெப்பப் பாதையை ஏறக்குறைய அடைத்துவிடும். அடுத்து, திருகுகள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் கூலர் சாய்ந்து உட்காரும். இரு பக்கமும் மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் மூடியின் எல்லா இடத்தையும் எட்டியிருக்கிறதா என்பது கூலரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பேஸ்ட் ஓரங்களில் சற்றுப் பிதுங்கினால் பெரிய தீங்கில்லை. குறைந்து போனால்தான் தொல்லை. கழற்றினால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவியே மாட்ட வேண்டும்.

பிறகு விசிறியின் திசை. பெரும்பாலான விசிறிகளில் சட்டமும் குறுக்குக் கம்பிகளும் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். கூலரின் விசிறி பெட்டியின் பின்பக்கத்தை நோக்கி ஊத வேண்டும். பின்பக்க விசிறி வெளியே தள்ள வேண்டும். இரண்டும் எதிரெதிராக ஊதினால் எவ்வளவு விலையுள்ள கூலரும் பயனில்லை.

காசு செலவில்லாத சோதனை

எங்கே தடை என்று கண்டுபிடிக்க அரை நாள் ஒதுக்குங்கள். சினிபெஞ்ச் போன்ற, எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் இலவச மென்பொருள் ஒன்றும், வெப்பநிலை, வாட், வேகம் மூன்றையும் காட்டும் மென்பொருள் ஒன்றும் போதும்.

முதல் வேலை, மின்னளவுக்கு ஒரு வரம்பு வைப்பது. 7700எக்ஸ் புராசசர் சாதாரணமாக 142 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. பயாஸில் உள்ள ‘ஈகோ’ அமைப்பில் 65 வாட் வகையைத் தேர்ந்தெடுத்தால் அது 88 வாட்டாகக் குறையும். இப்போது புராசசர் மிச்சத்தை வேகமாக மாற்ற முடியாது. அதனால் கூலரின் உண்மையான வேறுபாடு வெப்பநிலையில் தெரியும். கூலரை மாற்றும் முன்பும் பின்பும் இதே வரம்பில், இதே வேலையை 20 நிமிடம் ஓடவிட்டு, அறையின் வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனை. வெப்பநிலை ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கூலர் அல்ல, பெட்டிக்குள் தேங்கும் காற்று. முன்பக்க வலையில் படிந்த தூசியைத் துடைப்பதும், முன்னால் ஒரு விசிறி சேர்ப்பதும் பெரிய கூலரைவிட மலிவான மருந்து. ஐந்து டிகிரிக்குள் நின்றுவிட்டால் பெட்டியில் பெரிய குறை இல்லை.

மூன்றாவது, அந்த 88 வாட் வரம்பிலேயே வேலை செய்து பார்ப்பது. நம் கணக்குப்படி 88-ஐ 0.53-ஆல் பெருக்கி 38-ஐக் கூட்டினால் சுமார் 85 டிகிரி. 107 வாட்டில் 95 காட்டிய அதே கணினி, 10 டிகிரி இறங்கிவிட்டது. மும்மடிக் கணக்கில் வேக இழப்பு சுமார் 6 விழுக்காடு. ஒரு மணி நேர வேலைக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் கூடுதல். புராசசர் முழு மின்னளவையும் கேட்காத பல விளையாட்டுகளில் இழப்பு தெரியவே தெரியாது. அறையும் அவ்வளவு சூடாகாது. குளிர்சாதனத்துக்கும் வேலை குறையும்.

அப்படியானால் கூலரை மாற்றவே கூடாதா?

மாற்ற வேண்டிய நேரங்கள் உண்டு. புராசசர் தன் அடிப்படை வேகத்தைக்கூடத் தக்கவைக்க முடியாமல் தடுமாறினால், பழைய கூலர் அந்த வாட்டுக்குப் போதாது என்று பொருள். நாள் முழுவதும் காணொளி, முப்பரிமாணப் படம் போன்ற கனமான வேலை செய்பவருக்கு 4 விழுக்காடு வேகமும் மாதக் கணக்கில் பல மணி நேரமாகச் சேரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூலரின் நிஜமான ஆதாயம் அமைதிதான். தகடுகளின் பரப்பு அதிகம் என்பதால் விசிறி மெதுவாகச் சுற்றினாலே அதே வெப்பத்தை வெளியேற்ற முடியும். வெப்பநிலை எண் மாறாவிட்டாலும், இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும்போது அந்த வேறுபாடு தெரியும். புதுக் கூலர் மாட்டியும் எண் இறங்கவில்லை என்று வருந்துபவர்கள், விசிறி வேகத்தை ஒரு படி குறைத்துவைத்து அதே சோதனையை மறுபடி ஓட்டிப் பாருங்கள். வேகம் விழாமல் சத்தம் மட்டும் குறைந்தால், கொடுத்த பணம் வீண்போகவில்லை.

கூலரை இன்னும் வாங்காதவர்கள் முதலில் கதவைக் கழற்றி, வரம்பை வைத்து, அளந்து பாருங்கள். உங்கள் கணினியில் நெரிசல் எந்தச் சாவடியில் என்று தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம். போக வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம்.